பெட்டி மரம்

சர்வே அன்று நிலத்தில் இருந்தவர்கள்:

கிருபானந்தம். நிலம் அவர் பேரில் இருக்கிறது. சித்தூர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கிருபாபாய் முந்தின வருஷம் புற்றுநோயில் இறந்துபோனார்.

பிலிப். அவருடைய ஒரே மகன். அந்த நிலத்தில் அம்மா பேரில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறவர். எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

ஸ்வீட்டி. பிலிப்பின் மனைவி. டீ ஃப்ளாஸ்க்கோடு வந்தவர், ஊற்றிக் கொடுத்த பிறகும் போகவில்லை.

கோதை. மர சர்வேயர். வனவியல் படித்தவர், திருப்பதிக்காரர். ரிப்போர்ட்டில் விழுகிற கையெழுத்து அவருடையது.

ரவி. அது நான். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி ஒன்றில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு, கட்டடம் கட்டுகிறவர்களுக்கு மர சர்வே ஏற்பாடு செய்துகொடுக்கிறேன். டேப் பிடிப்பதும் போட்டோ எடுப்பதும் நானே.

வேறு யாரும் இல்லை. பிற்பாடு சித்தூரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொன்னார்கள். பொய்.

மரம் நிற்கிற நிலத்தில் பெரிய கட்டடம் கட்ட வேண்டுமென்றால், பிளானோடு மரங்களின் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என்ன மரம், மார்பு உயரத்தில் எவ்வளவு சுற்றளவு, நோய் உண்டா, எது நிற்கும், எது போகும். சமீபத்தில் வெட்டியிருந்தால் அந்த அடிக்கட்டையும் கணக்கில் வரும். கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் எரிச்சல். பலபேர் நாங்கள் வருவதற்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளிவிட்டு, "மரமே இல்லீங்க, எதை அளக்கப் போறீங்க" என்பார்கள். பிலிப் அப்படிச் செய்யவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

நிலம் பங்காருபாளையம் ரோட்டில், சித்தூர் முடிகிற இடத்தில் இருந்தது. பெரும்பாலும் பெங்களூரா ரக மா. வேலி ஓரம் வேம்பும் புங்கையும். பின்பக்கம் தகரக் கதவு போட்ட ஒரு ஷெட்.

நான் ஒரு மாமரத்தைச் சுற்றி டேப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது பிலிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னா ரவி, மரத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா, இப்படி அளவெடுத்துக்கினு கீற?"

"துணி நீங்க எடுத்துக் குடுங்க, தைச்சுடலாம்" என்றார் கோதை, பலகையில் வைத்த தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"மேடம், இந்த மரத்தையெல்லாம் வெட்டணும்னுதானே பர்மிஷனே கேக்கறோம். அதை இவ்ளோ மரியாதையா அளக்கணுமா?"

"வெட்டப் போறதைத்தான் சரியா அளக்கணும். நிக்கப் போறதை நாளைக்கு வந்துகூட அளந்துக்கலாம்."

கிருபானந்தம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். நாங்கள் ஒரு மரத்தை முடித்து அடுத்ததற்குப் போனால், அவரும் நாற்காலியைத் தூக்கி நகர்த்தி உட்கார்ந்துகொள்வார். முட்டி வலி. ஆனால் எங்களை விட்டு விலகவில்லை. எந்த மரம் எந்த வருஷம் காய்க்காமல் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோதை அதையும் எழுதினார்.

ஷெட்டுக்குப் பின்னால் உடைந்த சிமெண்ட் ஷீட்டுகள் குவிந்து கிடந்தன. அந்தப் பக்கம் நான் திரும்பியதும் பிலிப் சொன்னார்: "அங்க ஒண்ணும் இல்ல ரவி. பாம்பு கீம்பு இருக்கும், உட்டுடு."

"அங்க ஒரு அடிக்கட்டை கீதும்மா" என்றார் கிருபானந்தம் நாற்காலியிலிருந்து. "என் வூட்டுக்காரி மரம். அதையும் எழுதிக்கோ."

"நைனா, வெட்டின மரத்தை எதுக்கு எழுதணும்?"

"கழிச்சதை எழுதாம கணக்கு எப்படிரா சரியா வரும்? முப்பது வருஷம் இதைத்தானே சொல்லிக் குடுத்தேன். உனக்கும்தான் சொல்லிக் குடுத்தேன், நீதான் ஃபெயில் ஆன."

ஸ்வீட்டி சிரித்தார். பிலிப் சிரிக்கவில்லை. கிழவர் தானே எழுந்து போய் ஷீட்டை இழுக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப் போய்க் கைகொடுத்தேன். அடியில் ஓர் அடிக்கட்டை. மழை பட்டு மேல்பக்கம் சாம்பலாகியிருந்தது. ஓரத்திலிருந்து வெளிச்சம் காணாத வெளிர்த் தளிர்கள் மும்மூன்று இலைகளாக முளைத்து, ஷீட்டுக்கடியில் வளைந்து கிடந்தன.

கோதை குனிந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். பேனாக்கத்தியை எடுத்துக் கட்டையின் மேல் ஓர் அங்குலம் சுரண்டினார். சாம்பல் போய், உள்ளே கருஞ்சிவப்பு தெரிந்தது. அவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சார், இது என்ன மரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னாம்மா. ரத்தச் சந்தனம்."

செம்மரம். ஆந்திராவில் இந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவன் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டான். பஸ்ஸில் தமிழ் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தாலே கீழே இறக்கிப் பையைச் சோதித்த காலம் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மலைக்கு வெட்டப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.

"கட்டை எங்க சார்?" என்று கேட்டார் கோதை. குரலைத் தாழ்த்திவிட்டிருந்தார்.

"அவ கூடத்தான்" என்றார் கிருபானந்தம். வீட்டு முகவரி சொல்வதுபோலச் சொன்னார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சித்தூரில் பழைய மிஷன் குடும்பங்கள் சிலவற்றில் இப்படி ஒரு வழக்கம் உண்டாம். கல்யாணமாகி வருகிற பெண், பிறந்த வீட்டிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து புருஷன் நிலத்தில் நடுவாள். அதற்குப் பெட்டி மரம் என்று பேர். அவள் காலம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் அதை அறுத்துப் பலகை போட்டு வைப்பார்கள். அந்தப் பலகையில்தான் அவளுக்குச் சவப்பெட்டி. மற்றவர்களுக்கு வேம்போ தேக்கோ இருக்கும். கிருபாபாயின் அப்பா திருப்பதி மலையடிவாரத்தில் ஊழியம் செய்தவர். அங்கே கிடைத்த கன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"வேலூர் ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு அனுப்பிட்டாங்க. வந்து எறங்கினவுடனே அவளே சொன்னா, என் மரத்தை அறுத்துடுங்கன்னு. பலகையை அவ கட்டிலுக்கு எதுத்தாப்ல சாத்தி வெக்கச் சொன்னா. பாத்துக்கினு படுத்திருந்தா. அப்பறம் காயணும்னு ஷெட்டுல அடுக்கினோம்."

"சார், சொந்த நிலமா இருந்தாலும் பர்மிஷன் இல்லாம வெட்டக் கூடாது. வெட்டினதும் தப்பு, வெச்சிருந்ததும் தப்பு."

"அது காட்டு மரத்துக்கும்மா. இது எங்க வூட்டு மரம். நட்டது அவ, அறுத்தது அவளுக்கு. கவர்மெண்டு எங்க வருது நடுவுல?"

அவர் அதை உண்மையாகவே நம்பினார். கோதை என்னைப் பார்த்தார். ஸ்வீட்டி ஃப்ளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினார், பிறகு திறந்து மறுபடி திருகினார். பிலிப் ஷீட்டை இழுத்துக் கட்டையை மூடிவிட்டார்.

திருப்பதியில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். இரண்டு நாள் கழித்து பிலிப் அங்கே வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். கோதை அதைத் தொடவில்லை. நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

"மேடம், அந்தக் கட்டையை மட்டும் உட்டுடுங்க. மத்த மரமெல்லாம் எழுதுங்க. கூடப் பத்து மரம் வேணும்னாலும் நட்டுத் தரேன்."

"போட்டோ எடுத்தாச்சு பிலிப் சார். இடம் பதிவாகி ஆன்லைன்ல ஏறியாச்சு. நான் எழுதாம விட்டா என் லைசென்ஸ் போகும். அது போகட்டும். நாளைக்கு அஸ்திவாரம் தோண்டறப்போ ஜேசிபிக்காரன் பார்ப்பான். அப்ப உங்க அப்பாவைத்தான் பிடிப்பாங்க."

"ரவி, நீ சொல்லு. நீ திருவள்ளூர்க்காரன், நம்ம ஆளு. ஒரு அடிக்கட்டைக்கோசரம் எங்கம்மா பேர்ல வர்ற மண்டபம் நிக்கணுமா?"

நான் வாயில் இருந்த ஸ்வீட்டை முழுங்கினேன்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கோதை. "உங்க அப்பாவே போய்ச் சொல்லட்டும். சொந்த உபயோகம், தெரியாம செஞ்சது, வயசானவர். பார்த்து முடிச்சுக் குடுப்பாங்க."

"அய்யோ மேடம். அவர்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. அவர் பாட்டுக்குப் போய் நிப்பாரு."

அப்போது என் போன் அடித்தது. கிருபானந்தம்.

"ரவி தம்பி, நான் இங்க ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல கீறேன். நானே வந்து சொல்லிட்டேன். கோதைப் பாப்பா சொன்னது ராத்திரியெல்லாம் தூங்க உடல. இவங்க உங்களையும் பாக்கணும்னு சொல்றாங்க. வர முடியுமா?"

நான் சொன்னதைக் கேட்டு பிலிப் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்பா மாட்டிக்கொண்டாரே என்ற பயம் என்று நினைத்தேன்.

சித்தூர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ரேஞ்ச் ஆபீசர் பேர் சந்திரசேகர். தெலுங்குக்காரர், வேலூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். கிருபானந்தத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார வைத்திருந்தார். ஆபீசுக்குப் பின்னால், பிடித்துவந்த கட்டைகளை அடுக்கிவைக்கிற முற்றமும், ஆட்களை வைக்கிற கம்பிக் கதவு போட்ட அறையும் தெரிந்தன.

"மாஸ்டாரு" என்றார் சந்திரசேகர். "கட்டில் செய்யறதுக்குன்னு சொன்னவனைப் பாத்துட்டேன். கோயில் தேருக்குன்னு சொன்னவனைப் பாத்துட்டேன். மருந்துக்குன்னு ஒரு லாரி நிறைய கொண்டு போனவனையும் பாத்துட்டேன். சவப்பெட்டின்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"கேட்டுட்டீங்க இல்ல. எழுதிக்கோங்க."

"எழுதறேன். கட்டை எங்கன்னு மேல இருந்து கேப்பாங்க. மண்ணுக்குள்ளன்னு எழுதினா என்னைச் சிரிப்பாங்க. கட்டை இல்லன்னா, வித்ததுன்னு அர்த்தம். வித்ததுன்னா கடத்தல். நிலம் உங்க பேர்ல. வயசு பாத்து சட்டம் எழுதலை மாஸ்டாரு, ஜாமீன்கூட சுலபமா வராது."

கிழவரின் கை டீ கிளாசைத் தேடிப் பிடித்தது. கைது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

சந்திரசேகர் வேறு எதையோ யோசித்தவர்போலக் கேட்டார்: "பெட்டியை எத்தனை பேர் தூக்கினாங்க?"

"நாலு பேரு. சபை வாலிபர் சங்கத்துப் பசங்க. சர்ச்சுலேர்ந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாத்தாம தூக்கினு போனாங்க. நல்ல பசங்க."

சந்திரசேகர் கோதையைப் பார்த்தார். கோதை ஜன்னலைப் பார்த்தார்.

"தோண்டிப் பாருங்க" என்றார் கிருபானந்தம். "நான் கையெழுத்துப் போடறேன். பெட்டி இருக்கும். பாத்துட்டு மூடிடுங்க."

பிலிப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அம்மாவைத் தோண்டறதா? நைனா, நீ மனுசனா? செத்துப் போய் நிம்மதியா படுத்திருக்கறவங்களை வெளியில இழுத்துப் போட்டு, ஊரே வேடிக்கை பாக்கணுமா?"

"என்னைத் திருடன்னு எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு நான் அவ பக்கத்துல எப்படிரா போய்ப் படுப்பேன்?"

"கேஸ் நடக்கட்டும். நான் வக்கீல் வெக்கறேன். வேணாம் நைனா. அம்மா மேல கைய வெக்காதீங்க."

பிலிப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் பிலிப் பக்கம்தான். கிழவருக்குத் தன் பேர்தான் பெரிதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் கோதையிடம் கேட்டேன், அந்த ஆபீசர் எதற்கு நாலு பேர் கணக்குக் கேட்டார் என்று.

"செம்மரம் தண்ணியில போட்டா முழுகிடும் ரவி. அந்தப் பலகையில பெட்டி செஞ்சா வெறும் பெட்டிக்கே நாலு பேர் திணறுவாங்க. ஆளையும் வெச்சு அவ்வளவு தூரம் தோள் மாத்தாம நடக்க முடியாது."

"அப்படின்னா?"

"எனக்குத் தெரியாது. அந்தம்மா ரொம்ப இளைச்சுப் போயிருந்திருப்பாங்க. அப்படியே இருக்கட்டும்."

கிருபானந்தம் போட்ட கையெழுத்தின் மேல், எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கல்லறையை மறுநாள் காலையில் திறப்பதாக முடிவானது. அடிக்கட்டையைக் கண்டுபிடித்தவர்கள் என்று கோதையையும் என்னையும் சாட்சியாக வரச் சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருந்தது, சுற்றிலும் மாடி வீடுகள். மாடிகளில் ஆட்கள் நின்றார்கள். துணி காயப்போட வந்தவர்கள் போல நின்றார்கள். கிருபாபாய்க்கு இன்னும் கல் கட்டவில்லை. வருஷம் திரும்பியதும் கட்டலாம் என்று வைத்திருந்தார்கள். மண் மேடும் ஒரு சிமெண்ட் சிலுவையும் மட்டும்தான். போதகர் சிலுவையைத் தானே பிடுங்கி மதிலோரம் சாய்த்தார். சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். அவருக்கு இதில் விருப்பமில்லை என்பது அவர் ஆமென் சொன்ன வேகத்தில் தெரிந்தது.

கிருபானந்தம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. பிலிப் கேட் பக்கத்தில் நின்றார், உள்ளே வரவில்லை.

இரண்டு பேர் தோண்டினார்கள். மண் ஈரமாக, சிவப்பாக வந்தது. இடுப்பளவு போனதும் சந்திரசேகர் அவர்களை நிறுத்தினார்.

"இனிமே மெதுவா. பலகை மேல அடி விழாம பாத்துக்கோ. அது உடையாது, ஆனா தழும்பு விழும்."

எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். மண்வெட்டி கெட்டி மரத்தில் படுகிற சத்தம். போதகர்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் மண்ணை வழித்தான். இன்னொருவன் மண்வெட்டியை லேசாகப் போட்டான்.

சத்தம் வரவில்லை. மண்வெட்டி உள்ளே போய்விட்டது.

அவன் அதை வெளியே இழுத்தான். மண்வெட்டித் தகட்டில் பொடிப் பொடியாக வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. கூடவே ஜரிகைத் துணி ஒரு கிழிசல். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மேலே பார்த்தான்.

"செக்க லேது சார்" என்றான். பலகையே இல்லை என்று.

நான் ஒரு தரம் உள்ளே பார்த்தேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மண் அமுங்கிப் படிந்திருந்தது. துணி தெரிந்தது. துணிக்கடியில் ஒரு வடிவம் தெரிந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. மாடியில் ஒரு பெண் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோதை முழங்காலிட்டுக் குழியோரத்திலிருந்து கையை நீட்டினார். கீழே இருந்தவன் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். மூடியின் ஓரம். வெளிப்பக்கம் அடர் சிவப்புப் பாலீஷ் இன்னும் பளபளத்தது. திருப்பினால் உள்பக்கம் வெள்ளை, ஓட்டை ஓட்டையாக. அதில் கரையான் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி அழிந்துபோன ஊதா மை முத்திரை ஒன்று, ஏதோ மாங்காய் மண்டியின் பேர்.

"மாம்பலகை" என்றார் கோதை. "பழப்பெட்டி அடிக்கிற பலகை. பாலீஷ் போட்டிருக்காங்க."

"செம்மரத்தைக் கரையான் தொடாது" என்றார் சந்திரசேகர், யாரிடமும் இல்லாமல். "நூறு வருஷம் ஆனாலும் தொடாது."

கிருபானந்தம் கையை நீட்டினார். கோதை கொடுக்கத் தயங்கினார். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. துண்டை வாங்கி, பாலீஷ் இருந்த பக்கத்தைப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். மண்டியின் பேரைக் கண்ணை இடுக்கிப் படிக்க முயன்றார். படித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

"இது அவ மரம் இல்ல" என்றார்.

யாருடைய போனோ அடித்தது, அடித்து ஓய்ந்தது.

சந்திரசேகர் அவரைக் கையைப் பிடித்து அப்பால் அழைத்துப்போய் ஒரு பழைய கல்லறையின் மேல் உட்கார வைத்தார். கோதையும் நானும் கூடப் போனோம்.

"மாஸ்டாரு, ஷெட்டுச் சாவி யாருகிட்ட இருந்தது?"

பதில் வருவதற்குள் பிலிப் வந்துவிட்டார். கேட்டிலிருந்து ஓடிவந்திருந்தார். "சார், திருட்டுப் போயிருக்கும் சார். அம்மா சீரியஸா இருந்தாங்க, நாங்க எல்லாம் அவங்க பக்கத்துலயே கெடந்தோம். யாரோ பூட்டை ஒடைச்சுப் பலகையை மாத்தி வெச்சிருக்காங்க. ஆசாரிக்கு என்னா தெரியும், இருந்த பலகையில அடிச்சுக் குடுத்துட்டான்."

சந்திரசேகர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிழவரைப் பார்த்தார். இரக்கமோ, கழித்துவிட வேண்டும் என்ற அவசரமோ தெரியாது. சொன்னார்: "மாஸ்டாரு, திருட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் வாங்கிக்கறேன். பேர் தெரியாத ஆளு. தேடறோம். கெடைக்கிற வரைக்கும் கேஸு அப்படியே கெடக்கும். உங்க மேல வராது."

பிலிப் அப்பாவின் காதுப் பக்கம் குனிந்தார். ரகசியமாகத்தான் பேசினார், ஆனால் நாங்கள் கையெட்டும் தூரத்தில் நின்றோம்.

"நைனா. நான் குடிச்சேனா, சீட்டாடினேனா? வித்தது மண்டபத்துக்குத்தான். அம்மா பேர்லதானே வருது. அவ்ளோ பெறுமானம் உள்ளதைக் கொண்டுபோய் மண்ணுல பொதைக்கறதா? யாரு பாக்கப் போறாங்கன்னு நெனைச்சேன். திருட்டுன்னு சொல்லிடு. உனக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் வராது."

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மரத்துண்டைப் பார்த்தார்.

"அந்தப் பலகையைப் பாத்துக்கினேதானேடா அவ படுத்திருந்தா."

"செத்தப்பறம் பாக்கல இல்ல" என்றார் பிலிப்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் கேட்கிறவர்போலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை போகவில்லை.

கிருபானந்தம் கல்லறை மேலிருந்து எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டார்.

"எழுதிக்கோங்க சார். திருட்டுதான்."

பிலிப் மூச்சை விட்டார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

"திருடன் பேரு பிலிப். அப்பன் பேரு கிருபானந்தம். சாவி அவன்கிட்டத்தான் இருந்தது. பூட்டு ஒடையல."

சந்திரசேகர் பேனாவை எடுக்கவில்லை. "மாஸ்டாரு, யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தரம் எழுதிட்டா நான் அழிக்க முடியாது."

"நான் அழிச்சு எழுதறவன் இல்ல."

போதகர் குழிப் பக்கத்திலிருந்து வந்தார். முகமெல்லாம் வேர்வை. "அம்மாவை இப்படியே மூட முடியாது சார். வேற பெட்டி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"எந்த மரத்துல ஐயரே?" என்று கேட்டார் கிருபானந்தம்.

போதகர் குழியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பெட்டி மரம் தெரியும். அவர் மனைவியின் மரம் சர்ச்சுக்குப் பின்னால் நிற்கிறது. கடைசியில் யாரோ ஒரு புதுப் பாய் வாங்கிவந்தார்கள். பாயை விரித்து மேலே போட்டு மண்ணைத் தள்ளினார்கள். கிழவர் குனிந்து மூன்று பிடி மண் போட்டார். பிலிப் ஒரு பிடி அள்ளினார். அப்பா அவரைப் பார்த்ததும் கையைத் தளர்த்தி, மண்ணைத் தன் கால் பக்கத்திலேயே விட்டுவிட்டார்.

ரேஞ்ச் ஆபீசில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிலிப் முதலில் பேசினார். மாங்காய் ஏற்ற வந்த லாரியில் வந்து பார்த்தவர்கள், கைமாற்றியவர்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு சுலபமாக வந்தது. சொல்லி முடித்ததும் அவருடைய போன், பெல்ட், கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினார்கள்.

ஸ்வீட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். தலை சீவவில்லை. புருஷனிடம் போகாமல் நேராக மாமனாரிடம் வந்தார்.

"மாமா, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு, அந்த சாரே சொல்றாரு."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மண்டபம் போச்சு. இவரும் போயிட்டா நானும் பொண்ணும் உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கினு ஒக்காரணும். உங்களுக்கு இதுல என்னா கெடைச்சுது? அத்தை எழுந்து வரப் போறாங்களா?"

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கிருபானந்தம்.

ஸ்வீட்டி வாசல் பக்கம் பார்த்தார். ஆட்டோக்காரன் காசுக்காக நின்றுகொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்கப் போனார், திரும்பி உள்ளே வரவில்லை.

ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் பிலிப்பைத் தோளில் தொட்டார். பின்னால் இருந்த அறைக்கு நடத்திக்கொண்டு போனார். கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நான் அவர் முழங்கையைத் தாங்கினேன். அவர் உடம்பு வெறுமனே கனத்தது.

"உள்ள ஃபேன் இருக்கா?" என்று சந்திரசேகரிடம் கேட்டார்.

"இருக்கு மாஸ்டாரு. ஓடாது."

பிலிப் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று திரும்பினார். "நைனா" என்றார். வேறு ஏதோ சொல்ல இருந்தது. கிழவர் காத்திருந்தார். கார்டுகூடக் காத்திருந்தார். பிலிப்புக்கு அது வரவில்லை. வாசல் தாழ்வானது, குனிந்து உள்ளே போனார்.

கார்டு கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.